மூளையின் முணுமுணுப்பும் மின்சாரத்தின் கூச்சலும்

மனிதனுடைய தலைத்தோலின்மேல் இரண்டு உலோகப் பொட்டுகளை ஒட்டி, அவற்றினிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால், அது சாதாரணமாக 50 மைக்ரோவோல்ட் அளவிலேயே நிற்கும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு செய்து அவற்றுள் ஐம்பது கூற்றை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ, அவ்வளவுதான் மூளை வெளியே விடும் சேதி. அதே அறையின் சுவரிலுள்ள மின்சாரத் துவாரத்தில் 230 வோல்ட் காத்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கொன்று 46 லட்சம் மடங்கு வித்தியாசம். வாரச் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்கும் நோயாளி ஒருவன் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் மூளையலையைச் சுத்தமாகப் பதிவு செய்வது. அந்நோயாளியைத் தட்டி எழுப்பிக் கேள்வி கேட்டு, அவன் சொல்லும் பதிலையும் அந்தச் சந்தையிலேயே கேட்க வேண்டுமென்றால் கஷ்டம் இன்னும் பன்மடங்காகிறது. ஒளியாலோ ஒலியாலோ மின்னதிர்ச்சியாலோ மூளையைத் தூண்டிவிட்டு அதன் மறுமொழியைப் பதிவு செய்யும் சோதனைகளின் நிலைமை இதுவே.

அரசியல் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள், வைத்தியர்களும் யந்திர நிபுணர்களும் கவலைப்பட வேண்டிய இந்த விஷயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். கூச்சலைச் சேதியென்று தவறாகப் படித்துவிட்டால் அதன் பலனை அனுபவிப்பது யந்திரமன்று, மனிதன். அம்மனிதன் ஏழையாகவும், எதிர்த்துக் கேள்வி கேட்கத் தெரியாதவனாகவும், மலைமேல் வசிப்பவனாகவும் இருந்துவிட்டால் கேட்பாரே இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் அருகே மலையேறினால் கல்வராயன் மலைத் தாலுகாவின் தலைநகரான வெள்ளிமலையை அடையலாம். சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. இங்கு வாழ்பவர்களிற் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயரைக் கேரளத்தாரின் பெயரோடு குழப்பிக்கொள்ளலாகாது. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019-ஆம் ஆண்டு நவம்பரில். அதன் அரசு மருத்துவக் கல்லூரி முறைப்படி திறக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டு ஜனவரியில். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளிக்கூடம், வைத்தியம் ஆகியவை அப்பொழுது பேசப்பட்டன. வைத்தியம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நுட்பங்கள் அடங்கியிருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணமாகவே இன்றைய விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைகளில் முதலிற் கண்டு 1875-இல் அறிவித்தவர் லிவர்ப்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் என்னும் ஆங்கில வைத்தியர். மனிதனிடம் அதைப் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்தும் அவர் ஐந்தாண்டு காலம் வாய் திறக்கவில்லை, 1929-இல்தான் பிரசுரித்தார். ஏன் இவ்வளவு தாமதம்? தாம் கண்டது மூளைதானா, அல்லது தசையின் துடிப்பா, இருதயமா, யந்திரக் கோளாறா என்ற சந்தேகம் அவரையே விடவில்லை. தம் சொந்த மகனின் தலையிலும் வைத்துப் பார்த்தார். பிறரோ அவர் சொன்னதை நம்பவேயில்லை. 1934-இல் கேம்ப்ரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்ற இருவரும் மீண்டும் செய்து காட்டிய பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. கண்ணை மூடியிருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 முறை ஆடும் ஆல்பா அலை கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது என்ற ஓர் எளிய சோதனை அவர்களுக்குப் பெரிதும் உதவிற்று. இந்தச் சாஸ்திரம் பிறந்த நாள்முதல், "இது சேதியா, கூச்சலா?" என்ற கேள்வியும் அதனுடன் கூடவே பிறந்திருக்கிறது.

1970-களில் கனடா தேசத்து வைத்தியர் ஏட்ரியன் அப்டன் என்பவர் செய்த வேடிக்கை ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. விருந்துகளிற் பரிமாறும் ஜெல்லி என்ற இனிப்புப் பண்டத்தை அச்சில் வார்த்து, அதன்மேல் மூளையலைக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். அலைகள் வந்தன! ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை அறையில் ஓடிக்கொண்டிருந்த மற்ற யந்திரங்களும், நடமாடும் மனிதர்களுமே ஜெல்லிக்கு அந்த 'உயிரை' அளித்தார்கள். நோயாளியின் மூளை ஓய்ந்துவிட்டதா இல்லையா என்பதை இக்கோடுகளைக் கொண்டு மாத்திரம் தீர்ப்பது எவ்வளவு அபாயம் என்பதை ஆயிரம் பக்கக் கட்டுரை சொல்லியிராத அளவுக்கு அந்த ஒரு பாத்திரம் ஜெல்லி சொல்லிவிட்டது.

கூச்சல் எந்த வழியாக உள்ளே புகுகிறது? நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. சுவருக்குள் ஓடும் கம்பியும் நோயாளியின் உடம்பும் ஒன்றையொன்று தொடாவிட்டாலும், இடையிலுள்ள காற்று வெளியின் வழியே ஒரு சிறு மின்னோட்டம் உடம்பில் ஏறுகிறது. விசிறி, குழல்விளக்கு, பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி, மாடியிலுள்ள தண்ணீர் மோட்டார் யாவும் இதில் பங்காளிகள். இதைத் தவிர, தலையிலிருந்து கருவிக்குச் செல்லும் கம்பிகள் அகன்று வளையம் போலத் தொங்கினால், அந்த வளையத்தினூடே பாயும் காந்தப் புலம் அவற்றிலேயே மின்சாரத்தை உண்டாக்கும். பெண்கள் சடை பின்னுவது போலக் கம்பிகளைச் சேர்த்துப் பின்னிவிட்டால் வளையம் மறைகிறது. கூச்சலிற் பெரும் பகுதியும் மறைகிறது. காலணாச் செலவில்லாத இந்தச் சிகிச்சையைச் செய்யாமல், லட்சக்கணக்கான ரூபாய்க்குப் புதுக் கருவி வேண்டுமென்று மனுப் போடுபவர்களும் உண்டு.

கருவியின் உட்புறத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. அது ஒரு பொட்டின் அழுத்தத்தைத் தனியே அளப்பதில்லை. இரண்டு பொட்டுகளுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தை மாத்திரமே பெருக்கிக் காட்டும். சுவர் மின்சாரம் இரண்டு பொட்டுகளிலும் ஒரே அளவாக ஏறுமானால், ஒன்றை மற்றொன்று கழித்துவிடும். ஆனால் இரண்டும் தோலுடன் ஒரே விதமாக ஒட்டியிருந்தால்தான் இது பலிக்கும். ஒன்று நன்றாகப் பதிந்தும் மற்றொன்று தலைமயிரின்மேல் எண்ணெய்ப் பிசுக்கில் மிதந்துகொண்டும் இருந்தால், கழிவு சரிப்படாமல் மிச்சம் நிற்கும். அந்த மிச்சமே தடித்த கருங்கோடாகக் காகிதம் முழுவதும் பரவும். பொட்டு ஒவ்வொன்றிலும் தடை 5,000 ஓமுக்குக் குறைவாகவும், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமில்லாமலும் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கும் விதி. நமது நாட்டில் இவ்விதிக்கு முதல் எதிரி தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும்தான். சோதனைக்கு முதல் நாள் சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகி, எண்ணெய் தடவாமல் வரவேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை நோயாளிக்கு அவனுடைய மொழியில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், மலையிலிருந்து விடியற்காலையில் இறங்கி, வெயிலில் வேர்த்து, பஸ்ஸிற்குக் காத்திருந்து வந்தவனுடைய பதிவில் எண்ணெயால் ஒரு கூச்சலும் வேர்வையால் மெதுவாக மேலும் கீழும் அலையும் மற்றொரு கூச்சலும் சேர்ந்துகொள்ளும். மெதுவாக அலையும் கோடு மூளைக் கோளாற்றின் அடையாளமாகவும் படிக்கப்படக் கூடியது என்பதை நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி, தூண்டுதலுக்கு வருவோம். வலிப்பு நோயைச் சோதிக்கையில் கண்ணெதிரே பளிச்சுப் பளிச்சென்று விளக்கு ஒளியைக் காட்டுவது வழக்கம். சிலருடைய மூளையில் அவ்வொளி வலிப்பின் கூரிய முள் போன்ற அலையை எழுப்பும். ஆனால் அதே ஒளி நெற்றியிலுள்ள உலோகப் பொட்டின்மேல் விழுந்து, அவ்வுலோகத்திலேயே ஒளிமின் விளைவால் ஒரு முள்ளை எழுப்புவதும் உண்டு. காகிதத்தில் இரண்டும் முள்தான். எப்படிப் பகுத்தறிவது? அந்தப் பொட்டுகளைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு மறுபடியும் விளக்கைக் காட்ட வேண்டும். முள் மறைந்தால் அது பொட்டின் முள். நின்றால் மேற்கொண்டு யோசிக்கத் தக்கது. ஒரு முழம் கறுப்புத் துணியின் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அது இல்லாததால் ஒருவனுக்கு 'வலிப்புக்காரன்' என்ற பட்டம் கிடைத்துவிட்டால் அதன் விலை என்ன? ஆண்டுக்கணக்காக மருந்து, வண்டியோட்டும் உத்தியோகம் இல்லை, பெண்ணாயிருந்தால் கலியாணம் இல்லை. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் வலிப்பு நோயையும் விவாகத்துக்கு ஒரு தடையாக வைத்திருந்தது. 1999-இல் திருத்தம் செய்யப்பட்ட பிறகே அச்சொல் சட்டத்திலிருந்து நீங்கிற்று. சட்டத்திலிருந்து நீங்கிய அந்தத் தடை சம்பந்தம் பேச வருகிறவர்களின் வாயிலிருந்து இன்னும் நீங்கவில்லை. இந்தியாவில் வலிப்பு நோயுள்ளவர்கள் ஒரு கோடிக்குக் குறையமாட்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களோடு, நோயில்லாமலே அந்தப் பெயரைச் சுமக்கிறவர்களையும் சேர்க்க வேண்டியிருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

மணிக்கட்டில் ஓடும் நரம்பை மின்னதிர்ச்சியால் தூண்டி, மூளையில் அதன் எதிரொலியைக் காணும் சோதனை இதைவிட நுட்பமானது. விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே அதிர்ச்சி கொடுக்கப்படுகிறது. அதன் சேதி கை, தோள், முதுகுத்தண்டு ஆகியவற்றைக் கடந்து சுமார் 20 மில்லி விநாடியில் மூளையின் மேற்பரப்பை அடைகிறது. அங்கே எழும் அலையோ சில மைக்ரோவோல்ட்டுக்கு மேலில்லை. மூளையின் சொந்த முணுமுணுப்பே அதை மூடி மறைத்துவிடும். ஆகவே நூற்றுக்கணக்கான முறை அதிர்ச்சி கொடுத்து, ஒவ்வொரு முறையும் வந்த பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். மறுமொழி ஒவ்வொரு தடவையும் அதே கணத்தில் வருவதால் நிலைத்து நிற்கும். தாறுமாறான கூச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு தேயும். எவ்வளவு தேயும்? 100 முறை கூட்டினால் பத்தில் ஒரு பங்காகும். 400 முறை கூட்டினாலும் இருபதில் ஒரு பங்குதான். நான்கு மடங்கு உழைப்புக்கு இரண்டு மடங்கு பயன். கொள்ளும் அளவை வைத்து நெல் விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கலாம். இயற்கையின் அளவு இதுவே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூச்சல் தாறுமாறாக இருந்தால் மாத்திரமே சராசரியில் தேயும். சுவர் மின்சாரமோ தாறுமாறானதன்று. விநாடிக்கு 50 என்று தாளம் தவறாமல் ஆடுவது. அதிர்ச்சியை விநாடிக்குச் சரியாக 5 முறை கொடுத்தால், ஓர் அதிர்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் சுவர் மின்சாரம் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வந்து நிற்கும். ஆயிரம் முறை கூட்டினாலும் அது கரையாது. மூளையின் மறுமொழியைப் போலவே பளிச்சென்று நிற்கும்! விநாடிக்கு 5 என்பதை 5.1 என்று மாற்றிவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் தாளம் சற்று விலகி, கூட்டலிற் கரைந்து போகும். ஒரு திருகாணியை ஒரு நூலளவு திருப்புவதில் இருக்கிறது பொய்க்கும் மெய்க்குமுள்ள தூரம். இதையறியாத உதவியாளர் கையில், முழு எண்ணே அழகு என்று நினைத்து 5-லேயே வைத்திருக்கும் கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயிருந்தாலும் பிரயோஜனமில்லை.

அதிர்ச்சியே ஒரு கூச்சலாகும். மணிக்கட்டிற் செலுத்திய மின்சாரம் தோலின் வழியாகவும் தலைவரை பரவிப் பதிவின் தொடக்கத்தில் ஒரு பெரிய தூணை எழுப்பும். அதைக் குறைக்க, தூண்டும் இடத்துக்கும் பதிவு செய்யும் இடத்துக்கும் நடுவே முன்னங்கையில் ஈரமான பட்டை ஒன்றைக் கட்டித் தரைமுனையை அங்கே அமைப்பார்கள். தூண்டும் கருவிக்கும் பதிவுக் கருவிக்கும் நேர் மின்தொடர்பே இல்லாதபடி நடுவில் ஒளியைத் தூதாக வைத்துப் பிரிப்பதும் உண்டு. அன்றியும், ஒரு முறை நேராகவும் மறுமுறை திசை மாற்றியும் அதிர்ச்சியைச் செலுத்தினால், அதிர்ச்சியின் தூண் மேலும் கீழுமாக மாறிப் பெரும்பாலும் கழிந்துவிடும். மூளையின் மறுமொழி திசை மாறாமல் நிற்கும்.

ஒளிச் சதுரங்களை மாற்றி மாற்றிக் காட்டிக் கண்ணரம்பைச் சோதிக்கும் முறையும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. ஆரோக்கியமானவரிடத்தில் சுமார் 100 மில்லி விநாடியில் பின்தலையில் ஓர் அலை எழும். கண்ணரம்பு கெட்டிருந்தால் அது தாமதமாகும், அல்லது சுருங்கும், அல்லது எழவே எழாது. கள்ளக்குறிச்சியில் இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. மெத்தனால் உடம்பினுள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று கண்ணரம்பு. அந்த விஷத்தைக் குடித்துப் பிழைத்த ஒருவன் தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லும்போது, அதை நிரூபிக்கும்படி கேட்பார்கள். அவனுக்கும் அதிகாரிக்கும் இடையே பேசக்கூடிய சாட்சி இந்த அலை. சாட்சி கூச்சலில் மூழ்கியிருந்தால், அலை இல்லை என்பது நரம்பின் குற்றமா, கருவியின் குற்றமா என்று யாரும் சொல்ல முடியாது. நஷ்டஈட்டுக்கான மனு அதோடு முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இத்துறை புதிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி 1950-லும் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் பிறந்தபோது அதன் மூலவர்கள் நால்வருள் இவர்கள் இருவர். மற்ற இருவர் எஸ். டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும். சென்னையில் ராமமூர்த்தியுடனும் வி. பாலசுப்பிரமணியத்துடனும் பணியாற்றிய டாக்டர் டி. எஸ். கனகா, 1975-இல் நோயாளியின் மூளைக்குள் நிலையாக மின்முனையைப் பதித்து ஆழத் தூண்டுதல் செய்தார். பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபில் நகரில் பெனபித் என்பவர் 1987-இல் செய்த பிரயோகமே உலகப் பிரசித்தி அடைந்தது. நம்முடைய கனகாவின் பெயரோ நமது ஜனங்களுக்கே தெரியாது. சீனப் போர்க்காலத்தில் ராணுவ வைத்தியராயிருந்து, 2018-இல் காலஞ்சென்ற அம்மாதரசியின் சரித்திரத்தைத் தனியே எழுத வேண்டும். அக்காலத்துச் சென்னை அறுவைகளுள், முரட்டு நடத்தையை அடக்குவதற்காகச் செய்யப்பட்டவை பிற்காலத்தில் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழ்ச்சிக்காக அதை மறைப்பது நேர்மையாகாது.

மூளையின் ஆழத்தில் தூண்டுதல் செய்பவர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 130 துடிப்பு அளவில் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். அதே வேளையில் தலையின்மேல் அலையைப் பதிவு செய்தால் ஒரு மாய வேஷத்தைக் காணலாம். இக்காலத்துக் கருவிகள் அலையைத் தொடர்ச்சியாக எழுதுவதில்லை. விநாடிக்கு இத்தனை முறை என்று எட்டிப் பார்த்துப் புள்ளியிடுகின்றன. விநாடிக்கு 128 முறை எட்டிப் பார்க்கும் கருவிக்கு, 130 துடிப்புள்ள அலை வடிகட்டப்படாமல் வந்து சேர்ந்தால், அது 2 துடிப்புள்ள மெதுவான அலையாகத் தோன்றும். ஓடும் வண்டிச் சக்கரம் சினிமாவிற் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புள்ளியிட்ட பிறகு எந்தக் கணிதத்தாலும் இந்த வேஷத்தைக் கலைக்க முடியாது. புள்ளியிடுமுன்னரே வேகமான அலைகளை வடிகட்டியாக வேண்டும்.

காந்தத் துடிப்பால் தலைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் முறையை 1985-இல் ஷெபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் கண்டார்கள். அதனுடன் கூடவே பதிவும் செய்ய முயன்றபோது பெருக்கிகள் திணறிச் சில கணம் குருடாகிப் போயின. அந்தக் கணம் மட்டும் பெருக்கியைக் கட்டிப்போட்டு வைப்பது ஓர் உபாயம். அது தீர்ந்ததும் வேறொன்று கிளம்பிற்று. காந்தச் சுருள் துடிக்கும்போது 'டிக்' என்று ஒலிக்கிறது; காது அதைக் கேட்கிறது; காதுக்குரிய மூளைப் பகுதி மறுமொழி சொல்கிறது. பதிவில் வரும் அலை மூளையினுடையதுதான், ஆனால் காந்தத்துக்குச் சொன்ன மறுமொழியன்று! காதில் வேறொரு இரைச்சலைப் புகட்டி இதை மறைக்க வேண்டியிருக்கிறது. தலைத்தோலில் மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே பதிவு செய்கிறவர்களுடைய நிலை இன்னும் மோசம். செலுத்தும் அலையும் தேடும் அலையும் ஒரே துடிப்புள்ளவை. முன்னதைக் கணக்கிட்டுக் கழித்தாலும், இருதயம் அடிக்குந்தோறும் மூச்சு வாங்குந்தோறும் உடம்பின் தடை சற்றே மாறுவதால் ஒரு மிச்சம் நிற்கிறது என்று 2016-இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். நினைவாற்றலைப் பெருக்கும், துக்கத்தைப் போக்கும் என்று தலைப்பட்டைகளை விற்கிறவர்கள் இந்த மிச்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நிற்க. மலைக்குத் திரும்புவோம்.

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகிகளின் மூளையலைகளை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டார்கள். ஒளி, ஒலி, சூடு, அதிர்வு ஆகியவற்றால் தூண்டியும் தியானத்திலிருந்த யோகிகளின் ஆல்பா அலை கலையவில்லை என்றும், வேறிருவர் 4 டிகிரி குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தபோதும் அது நிலைத்திருந்தது என்றும் கண்டார்கள். ஆல்பா அலை இருப்பது பெருமை என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இதன் மறுபுறத்தைக் காட்டியது 2017-இல் முன்வரைவாக வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி. தன்யா பரமேஸ்வரன், தாரா தியாகராஜன் ஆகிய இருவரும் 48 குடியிருப்புகளைச் சேர்ந்த 402 பேரின் மூளையலைகளை, மின்சாரமும் போக்குவரத்தும் எட்டாத குக்கிராமம் முதல் பெருநகரம் வரையில், தலையில் மாட்டும் சிறு கருவியால் பதிவு செய்தார்கள். வருமானமும் நாகரிக வசதியும் பெருகப் பெருக ஆல்பா அலை ஓங்கியும், அவையற்ற கிராமங்களில் மிக மெலிந்தும் இருந்ததாக அவர்கள் தெரிவித்தார்கள்.

இவ்வாராய்ச்சியை நாம் இகழவில்லை. பல்கலைக்கழக மாணவர்களின் தலைகளை மாத்திரம் அளந்துவிட்டு அதையே மனித மூளை என்று எழுதி வந்த உலகத்துக்கு, கிராமத்தானுக்கும் மூளை உண்டு, அதையும் போய்ப் பாருங்கள் என்று சொன்னது பெரிய காரியம். ஆனால் இம்முடிவு ஒரு சோம்பேறியின் கையில் அகப்பட்டால், "மலைவாசியின் மூளை மந்தமானது, கருவியே சொல்கிறது" என்று திரிந்துவிடும். பூர்ண ஆரோக்கியமுள்ளவர்களிலும் சிலரிடம் ஆல்பா அலை மிகக் குறைவாகவே தென்படும் என்பதும், அது அறிவின் அளவுகோலன்று என்பதும் இத்துறையிலுள்ளவர்கள் நெடுநாளாக அறிந்தவை. அத்துடன், இவ்வகைப் பதிவில் கூச்சலும் செல்வமும் ஒரே கோட்டில் ஏறுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்து அறையில் 50 துடிப்புக் கூச்சல் அதிகம். கம்பியே இல்லாத குக்கிராமத்தில் அது இல்லை. நகரத்தான் கருவிக்குப் பழகியவன். கண்ணை மூடிச் சும்மாயிரு என்றால் இருப்பான். முன்பின் தெரியாதவர் வந்து தலையில் ஏதோ மாட்டும்போது மலைக்குடியானவன் பல்லைக் கடித்துக்கொண்டு விழிப்பாகவே இருப்பான். தாடைத் தசையின் கூச்சல் ஒரு புறம், விழிப்பினால் அடங்கிய ஆல்பா மறுபுறம். தலைமயிரின் அடர்த்தியும் எண்ணெயும் வேர்வையும்கூட இடத்துக்கு இடம் வேறு. 50 துடிப்புக் கூச்சல் நேராக 10 துடிப்பு அலையாக மாறிவிடாது. ஆகையால் அவர்கள் கண்டது வெறும் கூச்சலே என்று நாம் சொல்லத் துணியோம். சேதியையும் கூச்சலையும் பிரிக்கும் வேலை, அளக்கப்படுகிறவன் ஏழையாயிருக்கும்போது இரட்டிப்புக் கவனத்துடன் செய்யப்பட வேண்டும் என்பதே நாம் சொல்லுவது. பதிவுக்கு முன் ஒவ்வொரு பொட்டின் தடையும் எவ்வளவு என்று எழுதிவைத்து, அந்த எண்களையும் முடிவுகளோடு பிரசுரிக்கும் வழக்கம் எங்கும் வர வேண்டும்.

வெள்ளிமலை போன்ற இடங்களுக்கு ஒரு வகையில் அனுகூலமும் உண்டு. ஆலைகளும் உயர் அழுத்தக் கம்பிகளும் நெருங்காத இடத்தில், மின்கலத்தால் ஓடும் கருவியை வைத்துக்கொண்டு, விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டால், நகரத்து ஆஸ்பத்திரியில் செப்பு வலை போர்த்திய அறைக்குள் கிடைக்கும் அமைதியிற் பெரும்பங்கு இனாமாகவே கிடைக்கிறது. 1836-இல் பாரடே காட்டிய உலோகக் கூண்டின் வேலையை மலையின் தனிமை ஓரளவு செய்கிறது. மலையிலுள்ளவர்களைக் கீழே இழுத்து வருவதைவிட, கருவியை மேலே அனுப்பிப் பதிவை மாத்திரம் கம்பியில்லா வழியிற் கீழேயுள்ள நிபுணருக்கு அனுப்புவது எளிது, செலவும் குறைவு. ஆனால் கருவி போனால் மாத்திரம் போதாது. பொட்டு வைக்கவும், தோலைத் துடைத்துப் பசையிடவும், கறுப்புத் துணியை எப்பொழுது மூடுவது, திருகாணியை 5-இல் வைக்கலாகாது என்பது ஏன் என்றெல்லாம் அறிந்த ஒருவர் வேண்டும். மலையாளிக் குடும்பத்து இளைஞரோ யுவதியோ அப்பயிற்சியைப் பெற்றால், பல்லைக் கடிக்கும் நோயாளியிடம் அவனுடைய பேச்சிலேயே பேசித் தாடையைத் தளர்த்தச் செய்ய முடியும். எந்த வடிகட்டியாலும் செய்ய முடியாத வேலை அது.

ஆகவே, கல்வராயன் மலைக்கு வைத்திய வசதி வேண்டுமென்று மனு எழுதும் நமது தொண்டர்கள் 'நவீனக் கருவிகள்' என்று பொதுப்படையாக எழுதி நிறுத்திவிடாமல், கருவிக்கு உரிய ஆள், அந்த ஆளுக்கு உரிய பயிற்சி, அறைக்கு உரிய எர்த் கம்பி என்று தனித்தனியே கேட்க வேண்டுகிறோம். எர்த் விஷயம் அற்பமாகத் தோன்றும். கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டுத் தோண்டிய குழியில் தகட்டைப் புதைத்து அதிலிருந்து கம்பி இழுப்பது நம் நாட்டு வழக்கம். குழியில் ஈரம் இருக்கும்வரையில்தான் அது வேலை செய்யும். பாறை நிலத்தில் கோடை வந்தால் காய்ந்து, கூச்சல் முழுவதும் நோயாளியின் தலைக்கே திரும்பிவிடும். அந்தக் குழிக்குப் பங்குனி முதல் ஆனி வரையில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது யாருடைய பொறுப்பு என்பதையும் மனுவிலேயே எழுதிக் கேட்பது நலம்.